பழைய பைக்கும் மறைந்துபோன கம்பெனிகளும்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

பழைய வண்டி ஒன்றை வெளியே எடுத்துப்போய் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். முதல் கேள்வி எப்போதும் “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்பதுதான். அதற்கு நான் சிரித்து மழுப்பிவிடுவேன். இரண்டாவது கேள்வியிலிருந்து வருபவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன்.

கிளாசிக், வின்டேஜ், வெட்டரன்… மூணும் ஒண்ணுதானே?

பேச்சில் ஒன்றுதான், கணக்கில் வேறு. பிரிட்டனில் 1946ல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் போட்ட கோடு இது: 1915க்கு முன் செய்தது வெட்டரன். 1915 முதல் 1930 முடிய வின்டேஜ். அதற்குப் பிறகு 1945 வரை போஸ்ட்-வின்டேஜ். கிளாசிக் என்ற சொல்லுக்கு மட்டும் வேலி கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து, இப்போது செய்யப்படாத எதையும் அப்படிச் சொல்கிறார்கள். 1970களின் ஜப்பான் வண்டிகளும் அதில் எப்போதோ சேர்ந்துவிட்டன.

கம்பெனி மூடிட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றார், இல்ல இன்னும் இருக்குன்னு இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரி. ‘கம்பெனி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று, டேங்கில் எழுதியிருக்கும் பெயர். அதை விற்கலாம், வாங்கலாம், வாடகைக்குக்கூட விடலாம். இரண்டு, பட்டறை: கட்டடம், இயந்திரங்கள், வரைபடங்கள், கைப்பழக்கம் உள்ள ஆட்கள். மூன்று, அந்த வண்டியின் வடிவமைப்பு.

இந்த மூன்றும் ஒரே நாளில் சாவது அபூர்வம். பட்டறை இடிக்கப்பட்டு நாற்பது வருடம் கழித்துப் பெயர் எழுந்து வரும். பெயரே மாறிப்போய் வண்டி மட்டும் வேறு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கீழே வரும் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது இந்தப் பெயர், பட்டறை, வண்டி என்ற பிரிவுக்கே திரும்ப வருவேன்.

பி.எஸ்.ஏ.ன்னா என்ன? அதுல ஏன் துப்பாக்கி படம் போட்டிருக்கு?

பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861ல் பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஆயுத நிறுவனம். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் சின்னம். போர் இல்லாத காலத்தில் ஆர்டர் வறண்டுவிடும், இயந்திரங்கள் சும்மா நிற்கும். அதனால் சைக்கிள் செய்தார்கள், 1910ல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள். துப்பாக்கிக் குழாயைத் துல்லியமாகக் குடையத் தெரிந்தவனுக்கு சிலிண்டர் குடைவது பெரிய வித்தை இல்லை.

இந்த வழியில் வந்தவர்கள் நிறையப் பேர். ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்பதே ராயல் என்ஃபீல்டின் பழைய விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. பெல்ஜியத்தின் எஃப்.என். அடிப்படையில் துப்பாக்கி ஆலை. 1905லேயே நான்கு சிலிண்டர் வண்டி செய்தது, அதுவும் செயின் இல்லாமல் ஷாஃப்ட் வைத்து. செக் நாட்டில் ஆயுத ஆலை வைத்திருந்த ஜானெச்செக், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் வடிவமைப்பை வாங்கி 1929ல் பைக் செய்யத் தொடங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஜாவா. இந்தோனேசியத் தீவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தியன்னு ஒரு பழைய பைக் இருக்கே, அது நம்ம நாட்டுல செஞ்சதா?

இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் 1901ல் ஜார்ஜ் ஹெண்டியும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராமும் தொடங்கியது. பெயர் குறிப்பது அமெரிக்கப் பழங்குடியினரை. 1911ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தின் சீனியர் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த வண்டி. பட்டறை 1953ல் நின்றது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். 1955 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் ‘இந்தியன்’ என்ற பெயர் ஒட்டி விற்கப்பட்டவை இங்கிலாந்திலிருந்து போன ராயல் என்ஃபீல்டு வண்டிகள். அதே 1955ல்தான் ராயல் என்ஃபீல்டு சென்னைக்கு வருகிறது. அதனால் “இந்தியன் என்ஃபீல்டு” என்று யாராவது சொன்னால் எந்த இந்தியன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு இந்தியன் என்ற பெயருக்காகப் பல பேர் சண்டை போட்டார்கள், சிலர் கொஞ்ச காலம் வண்டியும் செய்தார்கள். 2011ல் பொலாரிஸ் வாங்கிய பிறகுதான் அது நிலைத்தது.

அப்போ ராயல் என்ஃபீல்டு பிரிட்டிஷ் வண்டியா, சென்னை வண்டியா?

பெயர், பட்டறை, வண்டி என்று பிரித்தால் சிக்கல் தானே அவிழும். பெயரும் வண்டியும் இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்தவை. 1901ல் முதல் மோட்டார் சைக்கிள், 1930களின் தொடக்கத்தில் புல்லட் என்ற பெயர், போருக்குப் பின், பின்சக்கரம் மேலும் கீழும் ஆட ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட். இந்திய ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் ரெடிச்சிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளுமே திருவொற்றியூருக்கு வந்துவிட்டன.

ரெடிச் ஆலை 1967ல் மூடியது. மிச்சமிருந்த இன்டர்செப்டர் என்ற மாடலின் வேலை பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் இருந்த பட்டறையில், 1970 வரை இழுத்துக்கொண்டு போனது. அதோடு இங்கிலாந்தில் கதை முடிந்தது. இங்கே புல்லட் நிற்கவே இல்லை. 1977ல் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சோறு போன கதை. ஆகவே என் பதில்: பிறந்தது ரெடிச், வளர்ந்ததும் பிழைத்ததும் சென்னை.

ஜப்பான்காரன் வந்ததாலதானே பிரிட்டிஷ் கம்பெனி எல்லாம் படுத்துச்சு?

பாதி உண்மை. மீதிப் பாதிக்கு முதலில் ஜெர்மனியைப் பாருங்கள். 1955ல் உலகிலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்தது ஹோண்டாவோ பி.எஸ்.ஏ.வோ இல்லை, ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் ஊரின் என்.எஸ்.யு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் தன் பத்து லட்சமாவது பீட்டில் காரை வெளியே விட்டது. அடுத்த சில வருடங்களில் ஆட்லர், ஹோரெக்ஸ், நூரம்பர்க் ட்ரையம்ஃப் என்று ஒவ்வொன்றாக பைக் தொழிலை விட்டன. அப்போது ஹோண்டா ஐரோப்பாவில் கால்கூட வைக்கவில்லை. அவர்கள் டி.டி. பந்தயத்துக்கு முதல்முறை வந்ததே 1959ல்தான். ஜெர்மன் பைக்கைக் கொன்றது மலிவான கார். பிரிட்டனிலும் பைக்கோடு சைடுகார் பூட்டி மனைவி, பிள்ளைகளை ஏற்றிப்போன குடும்பஸ்தன்தான் பெரிய வாடிக்கையாளன். 1959ல் மினி வந்ததும் அவன் போய்விட்டான்.

மீதியை அவர்களே செய்துகொண்டார்கள். பி.எஸ்.ஏ. குழுமத்திடம் (ட்ரையம்ஃபும் அதற்குள்தான் இருந்தது) மூன்று சிலிண்டர் 750 சி.சி. வண்டியின் முன்மாதிரி 1965லேயே ஓடிக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வர 1968 ஆனது. அடுத்த வருடமே ஹோண்டா சி.பி. 750: நான்கு சிலிண்டர், ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட். பிரிட்டிஷ் வண்டியிலோ நான்கு கியர், டிரம் பிரேக், கிக்கர். மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் எதிரே ஆளே இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் 1971 கூத்து. ஃபிரேம் குழாய்க்குள்ளேயே ஆயிலை வைக்கும் புது ஃபிரேம் ஒன்றை வரைந்தார்கள். வரைபடம் ஆலைக்குத் தாமதமாக வந்தது. வந்த பிறகு பார்த்தால் ட்ரையம்ஃப் இன்ஜின் அதற்குள் இறங்கவில்லை, மேலே ராக்கர் பாக்ஸ் இடித்தது. அதைத் திருத்தி வண்டியை வெளியே விடுவதற்குள் அமெரிக்காவில் விற்பனைக் காலம் கைநழுவியது. வந்த வண்டியிலும் சீட் ரொம்ப உயரம், குட்டையானவர்களுக்குக் கால் எட்டவில்லை. இதில் ஜப்பான்காரன் தப்பு என்ன? அவன் தள்ளியது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சுவரை. 1973ல் பி.எஸ்.ஏ. முடிந்தது.

தொழிலாளிங்களே ஒரு கம்பெனிய எடுத்து நடத்தினாங்களாமே, உண்மையா?

உண்மை. மேலே சொன்ன 1973 வீழ்ச்சியில் பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், நார்ட்டன் மூன்றையும் ஒட்டுப்போட்டு நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃப் என்று ஒன்றை உருவாக்கினார்கள். மெரிடனில் இருந்த ட்ரையம்ஃப் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும் தொழிலாளர்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம் இழுபறி. கடைசியில் 1975ல் அரசுக் கடனோடு ஆலை தொழிலாளர் கூட்டுறவின் கைக்கு வந்தது.

1983 வரை பான்வில் வண்டியைச் செய்தார்கள். புது மாடல் உருவாக்கப் பணம் இல்லை, கடன் கழுத்தை நெரித்தது. மூடியபோது ஜான் ப்ளூர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் பெயரை வாங்கினார். சில வருடம் சத்தமே இல்லை. பிறகு ஹின்க்லியில் புது ஆலை, 1991லிருந்து முற்றிலும் புதிய வண்டிகள். பெயர் பிழைத்தது, பட்டறை போனது. ஆனாலும் பழைய பெயரை வாங்கியவர்களில் இவர் ஒருவர்தான் அவசரப்படாமல் முதலில் இன்ஜினைச் செய்து, பிறகு சத்தம் போட்டவர் என்பது என் எண்ணம்.

ஒரே வண்டிய நாலு நாட்டுக்காரங்க காப்பியடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். எது அது?

டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125. ஜெர்மனியின் ச்சோப்பாவ் ஊரில் 1939ல் வந்த சின்ன டூ-ஸ்ட்ரோக். போரில் ஜெர்மனி தோற்றதும் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஆளுக்கொரு வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். பி.எஸ்.ஏ. 1948ல் பேன்டம் என்று செய்தது. கியர் வலது காலில் வரவேண்டும் என்பதால் இன்ஜினைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்-வலம் மாற்றிவிட்டது. ஹார்லி டேவிட்சன் ஒரு 125 செய்தது. சோவியத்தில் மாஸ்க்வா என்ற பெயரில் வந்தது. ஜப்பானில் பியானோ செய்துகொண்டிருந்த யமஹா 1955ல் தன் முதல் பைக்கான ஒய்.ஏ.-1ஐ இதைப் பார்த்துத்தான் செய்தது.

ச்சோப்பாவ் ஆலை கிழக்கு ஜெர்மனிக்குள் சிக்கி எம்.இசட். ஆனது. அங்கே வால்டர் காடன் என்பவர் டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் வயிற்றை எப்படிப் பெருக்கி, எப்படிச் சுருக்கினால் குதிரைசக்தி கூடும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். 1961ல் அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் தப்பி மேற்கே வந்தார். போய்ச் சேர்ந்தது சுசுகியில். மறு வருடமே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டம் வாங்கியது. நம் தெருவில் ஓடிய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளின் வயிறு பெருத்த சைலன்சருக்கெல்லாம் மூலம் அந்தப் பட்டறைதான்.

ஜப்பான்ல மறைஞ்சுபோன கம்பெனியே இல்லையா? நாலே பேர்தானே எப்பவும்?

நாலு பேர் மிஞ்சியவர்கள். 1950களின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பைக் செய்தார்கள். லைலாக், தோஹாட்சு போன்ற பெயர்களை இப்போது யாருக்கும் தெரியாது. மெகுரோ பெரிய வண்டி செய்த மூத்த நிறுவனம். கவாசாகி அதை 1960களில் விழுங்கியது. மெகுரோவின் 500 சி.சி. இரட்டை சிலிண்டர் பார்வைக்கு பி.எஸ்.ஏ. ஏ7 போலவே இருக்கும். அதன் வழியில் 1966ல் வந்தது கவாசாகி டபிள்யூ1. 2021ல் கவாசாகி மெகுரோ பெயரைத் தூசி தட்டி மறுபடி டேங்கில் ஒட்டியது. டயர் செய்யும் பிரிட்ஜ்ஸ்டோனும் அருமையான டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் செய்தது. தன்னிடம் டயர் வாங்கும் கம்பெனிகளோடேயே போட்டி போடவேண்டிய தர்மசங்கடம். கடைசியில் டயரோடு நிறுத்திக்கொண்டது.

வின்சென்ட், வின்சென்ட்னு உருகுறாங்களே, அப்படி என்ன அதுல?

998 சி.சி. வி-ட்வின், அதாவது வி எழுத்து மாதிரி இரண்டு சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும் இன்ஜின். 1948ல் பிளாக் ஷேடோ மணிக்கு 125 மைல் ஓடியது. அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களே அதைக் கனவில்தான் எட்டும். பிலிப் வின்சென்டும் ஆஸ்திரேலியப் பொறியாளர் ஃபில் இர்விங்கும் ஸ்டீவனேஜில் செய்தது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் வரைபடமும் அதன் டிரேசிங் தாளும் மேசையில் ஒன்றின்மேல் ஒன்று கோணலாகக் கிடந்ததைப் பார்த்து இர்விங்குக்கு வி-ட்வின் யோசனை வந்ததாகச் சொல்வார்கள். போருக்குப் பிந்தைய மாடல்களில் வழக்கமான ஃபிரேமே இல்லை. இன்ஜினே முதுகெலும்பு. பின்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே திருகி எடுக்கலாம்.

1948 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் ரோலி ஃப்ரீ இதன் பந்தய வடிவத்தை ஓட்டினார். முந்தைய ஓட்டத்தில் தோல் உடை காற்றில் கிழிந்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டு நீச்சல் ஜட்டியும் தலையில் குல்லாயும் மட்டும் போட்டுக்கொண்டு, பின் மட்கார்டின்மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு போனார். மணிக்கு 150.313 மைல். அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் நிறுவனம் லாபம் பார்க்கவில்லை. 1955 டிசம்பரில் கடைசி வண்டி வெளியே வந்தது.

லாரன்ஸ் ஆஃப் அரேபியா பைக்லதான் செத்தாராமே?

ஆமாம், முதல் உலகப் போரில் அரபு நாட்டில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த டி.இ. லாரன்ஸ்தான் அவர். 1935 மே மாதம். வண்டி நாட்டிங்காமில் ஜார்ஜ் பிரஃப் செய்த பிரஃப் சுப்பீரியர் எஸ்.எஸ். 100. மணிக்கு 100 மைல் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றது. 1919 முதல் 1940 வரை மொத்தமே ஏறத்தாழ 3,000 வண்டிகள்தான் செய்தார்கள். இன்ஜினைப் பிறரிடம் வாங்கிப் பூட்டினாலும் பூட்டிய விதத்தில் பெயர் எடுத்தார்கள். சாலையில் சைக்கிளில் வந்த சிறுவர்களைத் தவிர்க்கத் திருப்பியபோது லாரன்ஸ் தூக்கி எறியப்பட்டார், ஆறு நாளில் இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ் அதற்குப் பிறகு ராணுவ பைக்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து ஹெல்மெட்டின் அவசியத்தை எழுதினார். நாம் தலையில் மாட்டுவதன் பின்னால் அந்த விபத்தும் இருக்கிறது.

கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். பிரிட்டிஷ் வண்டிக்காரங்களுக்கு ஏன் இந்தத் தலைகீழ் புத்தி?

அவர்களைக் கேட்டால் நாம்தான் தலைகீழ். பிரிட்டிஷ், இத்தாலிய வண்டிகள் பெரும்பாலும் வலது கால் கியர்தான். எல்லோரும் இடது பக்கம் மாறியதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். 1975 மாடல்களிலிருந்து அங்கே விற்கும் வண்டிக்கு இடது கியர் கட்டாயம். அமெரிக்கா இல்லாமல் பிழைக்க முடியாது என்பதால் ட்ரையம்ஃபும் நார்ட்டனும் உள்ளே ராடு, லிங்க் எல்லாம் கொடுத்து மாற்றின. பழைய புல்லட் அந்த வம்புக்குப் போகாமல் வலது பக்கமே வெகுகாலம் இருந்தது. கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. புதிதாக ஓட்டுபவர்கள் ஆபத்து நேரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். முதல் ஒரு வாரம் காலியான இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

என்கிட்ட இருக்கற எந்த ஸ்பேனரும் சேரமாட்டேங்குதே? 13 நுழையல, 14 வழுக்குது.

சரியாகவே சொல்லிவிட்டீர்கள். அது மில்லிமீட்டர் நட்டு இல்லை, விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் 1841ல் வகுத்த பிரிட்டிஷ் மரை அளவு. நீங்கள் தவிக்கும் நட்டு கால் அங்குல விட்வொர்த்தாக இருக்கும். அதன் தலை 13.3 மில்லிமீட்டர். பதினான்கைப் போட்டு இழுத்தால் முனை மழுங்கிவிடும், பிறகு உளியும் சுத்தியலும்தான்.

இன்னொரு குழப்பம்: அந்த ஸ்பேனரில் எழுதியிருப்பது தலையின் அளவு இல்லை, போல்ட்டுத் தண்டின் அளவு. பி.எஸ்.எஃப். என்ற நுண்மரையில் அதே தலைக்குத் தண்டு ஒரு சைஸ் பெரியது. அதனால் ஒரே ஸ்பேனரில் கால் அங்குல விட்வொர்த், 5/16 பி.எஸ்.எஃப். என இரண்டும் எழுதியிருக்கும். போதாததற்கு பிரிட்டிஷ் பைக்குகளில் சைக்கிள் மரை வேறு உண்டு, அங்குலத்துக்கு 26 புரி. கையால் நாலு சுற்று சுலபமாகப் போகாத நட்டை ஸ்பேனர் வைத்து முறுக்காதீர்கள்.

ஆயில் ஒழுகாத பிரிட்டிஷ் பைக் உண்டா?

ஆயில் இல்லாத பைக் ஒழுகாது. விளையாட்டு இருக்கட்டும். ஜப்பானிய இன்ஜின்களில் அடிக்கூடான கிராங்க்கேஸ் பெரும்பாலும் படுக்கைவாட்டில் பிளந்திருக்கும், சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும். பிரிட்டிஷ் இன்ஜின் செங்குத்தாகப் பிளந்தது. அடிப்பகுதியில் சேரும் கோடு எப்போதும் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும். சேரும் முகத்தைச் சமமாகத் தேய்த்து, இன்ஜினின் மூச்சுக்குழாயைச் சுத்தமாக வைத்தால் பெருமளவு நிற்கும்.

ஆனால் பலர் ஒழுகல் என்று காட்டுவது வேறு. இந்த வண்டிகளில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். வாரக்கணக்கில் நிறுத்தினால் தேய்ந்த பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் கிடைத்த சந்தில் எல்லாம் பீறிடும், சைலன்சர் புகையைக் கக்கும். கேஸ்கெட்டை மாற்றிப் பயன் இல்லை, பம்பைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பும் குழாயில் ஆயில் விட்டுவிட்டுத் துப்புகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துப்பவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்கால் வீங்கிடுச்சு. என்ன தப்பு பண்றேன்?

பெரிய ஒற்றை சிலிண்டர் என்றால் பலத்தால் ஆகாது, இடம் பார்த்து மிதிக்க வேண்டும். பழைய புல்லட்டை வைத்துச் சொல்கிறேன். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கல் மாதிரி நிற்கும். அங்கே டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன லீவர்) பிடித்து, அம்மீட்டரில் முள் நடுவுக்கு வரும்வரை மட்டும் கிக்கரை நகர்த்துங்கள். டீகம்ப்ரசரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடி வரைக்கும் ஒரே மிதி. பாதியில் காலை எடுத்தால்தான் அது உதைக்கும்.

ஹேண்டில்பாரில் இக்னிஷன் லீவர் உள்ள வண்டி என்றால் மிதிக்கும் முன் அதைத் தாமதப் பக்கம் தள்ளவேண்டும். முன்கூட்டியே நெருப்பு பிறந்தால் பிஸ்டன் வந்த வழியே திரும்பும், உங்கள் காலையும் கூட்டிக்கொண்டு.

காலைல ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது. ஓடி சூடான பிறகு நிறுத்தினா சண்டித்தனம் பண்ணுது. கார்புரேட்டரா?

எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள். பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ உள்ள வண்டி என்றால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். உள்ளே சுற்றும் ஆர்மேச்சருக்குள் ஒரு கன்டென்சர் புதைந்திருக்கும். அரை நூற்றாண்டு கழித்து அது சூட்டில் கசியத் தொடங்கும், ஆறினால் ஒழுங்காகிவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் ஆனால் அறிகுறி அதுதான். கழற்றி, கன்டென்சரை மாற்றி, தேவைப்பட்டால் கம்பியும் புதிதாகச் சுற்ற வேண்டும்.

இப்போ வர்ற பெட்ரோல் போட்டா இன்ஜின் கெட்டுடுமா?

ஈயம் நீக்கிய பெட்ரோலால் வால்வு சீட் தேயும் என்ற பயம் வார்ப்பிரும்பு ஹெட் வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் நீண்ட தூரம் விரட்டி ஓட்டினால். அலுமினிய ஹெட்டில் தனியாகக் கடின வளையம் இறக்கியிருப்பார்கள். எத்தனால் கலப்புதான் உண்மையான தொல்லை. பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும், ஃபைபர் டேங்கைக் கரைத்துப் பிசினாக்கும், ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவேற்றும். குழாய்களை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒண்ணா இருந்தாத்தானே அசல்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெரியாமல் போனால் அசலைப் போலி என்பீர்கள், போலியை அசல் என்பீர்கள். பழைய பி.எஸ்.ஏ.க்களில் ஆலையிலிருந்து வரும்போதே இரண்டும் வேறு வேறு எண்கள். ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். போருக்குப் பிந்தைய வின்சென்ட் ட்வின்னில் ஃபிரேம் எண் இன்ஜின் எண்ணைவிடச் சரியாக 1,900 கூடுதலாக இருக்கும். ட்ரையம்ஃபில் 1950களிலிருந்து இரண்டும் ஒன்று.

எண்ணைவிட எண் அடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 1960களின் கடைசியிலிருந்து ட்ரையம்ஃப் அந்த இடத்தில் தன் பெயரைப் பொடி எழுத்தில் வரிசையாக அச்சடித்து, அதன் மேல்தான் எண்ணைக் குத்தியது. யாராவது பழைய எண்ணைத் தேய்த்திருந்தால் அந்தப் பொடி எழுத்தும் போயிருக்கும். விரல் நகத்தால் வருடினாலே தெரியும்.

கம்பெனியே இல்லாத வண்டிக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

பட்டறை மூடினாலும் வரைபடங்களும் அச்சுகளும் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். வின்சென்ட் உரிமையாளர் சங்கம் உதிரிபாகத்துக்கென்று தனி நிறுவனமே நடத்துகிறது. பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த ஏமல் கார்புரேட்டர் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், நார்ட்டன் வண்டிகளுக்கு அநேகமாக எல்லாம் கிடைக்கும். கஷ்டம் எண்ணிக்கையில் குறைவாக ஓடிய வண்டிகளுக்குத்தான். அதனால் வாங்கும்போது கிடைக்காத தகரம், மூடி, விளக்குக் கூடு இவை இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் இல்லாததை எப்படியும் சமாளிக்கலாம்.

திரும்பி வந்திருக்கற பி.எஸ்.ஏ., ஜாவா, நார்ட்டன் எல்லாம் அசல்தானா?

தொடக்கத்தில் சொன்ன மூன்றில் பெயர் மட்டும் அசல். பி.எஸ்.ஏ. பெயரை 2016ல் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. 2021ல் கோல்டு ஸ்டார் என்று 650 சி.சி. வண்டியைக் காட்டியது. ஜாவா பெயரில் 2018ல் வண்டி விட்டதும் அவர்கள்தான். 1961 முதல் 1996 வரை மைசூரில் ஜாவா, யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா ஆலையில் அது செய்யப்படுவது இல்லை. நார்ட்டன் 2020ல் டி.வி.எஸ். கைக்கு வந்தது. பழைய கோல்டு ஸ்டாரின் ஒரு நட்டுகூடப் புதியதில் சேராது. ஆனால் காலையில் பட்டனைத் தட்டினால் புதியது ஓடும். தினமும் ஓட்டுபவருக்கு அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? விற்பவர் 1938ல் தொடங்கிய கோல்டு ஸ்டார் பரம்பரை என்று பேசும்போது மட்டும் மனசுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வண்டி இருபது வருஷமா ஷெட்ல கிடக்கு. ஒரு கிக் அடிச்சுப் பார்க்கலாமா?

வேண்டாம், அந்த ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருந்தால் அந்த ஒரு மிதியில் வளையம் முறியும். முதலில் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே இரண்டு கரண்டி மெல்லிய ஆயிலை ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குள் பழைய பெட்ரோலையும் ஆயிலையும் வடியுங்கள். கிராங்க்கேஸ் அடியில் இருக்கும் வடிதிருகையும் மறக்காதீர்கள், மேலே சொன்ன கசிவில் அங்கே ஒரு லிட்டர் நின்றிருக்கும். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். பிளக்குக்குப் பொறியைத் தூண்டும் பாயின்ட்டின் முகத்தை மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரல் அகலம் நகர்ந்தாலும் போதும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் நகரும். பெயின்ட் எப்போது அடிப்பது என்று இப்போதே கேட்காதீர்கள். டேங்கில் தாத்தாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கும், அதை ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.